எண்ணெய் சொட்டும் வீரர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழைய போர் விமானங்கள், அருங்காட்சியகங்கள், ஏர் ஷோக்கள்

வந்த கடிதங்களில் பாதி ஒரே ரகம்: "ஆசையாகப் போனேன், சரியாகப் பார்க்க முடியவில்லை." மீதிப் பாதி, எடுத்த படம் சரியில்லை என்ற புலம்பல். இரண்டுக்கும் இங்கே பதில் உண்டு.

கே: இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் பறக்கும் என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். அதற்காகவே டிக்கெட் வாங்கினோம். மழைகூட இல்லை, ஆனாலும் வரவில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா?

ப: இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் "விமானத்தின் நிலையையும் வானிலையையும் பொறுத்து" என்று ஒரு வரி இருந்திருக்கும். அதுதான் உண்மையான நிகழ்ச்சி நிரல். கட்டப்பட்ட லங்காஸ்டர்கள் 7,377. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவிடம், கோனிங்ஸ்பி தளத்தில் இருக்கிறது. மற்றது கனடாவின் ஹாமில்டனில். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-29-இன் கதையும் அதேதான்: ஏறக்குறைய 4,000 கட்டினார்கள், பறப்பவை "ஃபிஃபி", "டாக்" என்ற இரண்டு. இப்படிப்பட்ட விமானத்தில் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ ஒன்று தகராறு செய்தால் மாற்று விமானம் அனுப்ப வழியில்லை.

மழை இல்லை என்கிறீர்கள். காற்று எப்படி இருந்தது? இந்த விமானங்களில் பெரும்பாலானவை வால்சக்கர விமானங்கள். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ரன்வேக்குக் குறுக்கே காற்று அடித்தால் வால் ஒரு பக்கம் போக, விமானம் தட்டாமாலை சுற்றிவிடும். இறக்கை நுனி தரையில் தேய்ந்தால் பல ஆண்டு வேலை வீண். வானம் நீலமாக இருந்தாலும், கொடிக்கம்பத்தில் துணி ரன்வேக்குக் குறுக்கே விறைத்து நின்றால், பாதி விமானங்கள் ஹேங்கரிலேயே இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் உலகப்போருக்கு முந்தைய விமானங்கள் இன்னும் தொட்டாற்சுருங்கி. இங்கிலாந்தில் ஓல்டு வார்டன் என்ற புல்தரைத் தளத்தில் ஷட்டில்வொர்த் தொகுப்பு இருக்கிறது. அங்கே ஒரு பிளேரியோ 11 உண்டு, 1909-ஐச் சேர்ந்தது. காற்று அடங்கும் அந்திப் பொழுதில்தான் அதை வெளியே தள்ளுவார்கள். அதுவும் நேர்கோட்டில் ஒரு சின்னத் தாவல், அவ்வளவுதான். மதியமே கிளம்பிவிட்டவர்களுக்கு அது கிடைக்காது.

பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் சிக்கல் வேறு: சூடு. ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது. தரையில் நிற்கும்போது இறங்கியிருக்கும் சக்கரக் கால், ரேடியேட்டருக்கு வரும் காற்றில் ஒரு பகுதியை மறைத்துவிடும். இன்ஜினை உயிர்ப்பித்த சில நிமிடங்களில் கிளம்பாவிட்டால் குளிர்விப்புத் திரவம் கொதிக்கத் தொடங்கும். முந்தைய விமானம் இறங்கத் தாமதமானால் ஸ்பிட்ஃபயர் இன்ஜினை அணைத்துவிட வேண்டியதுதான். சூடான இன்ஜின் உடனே திரும்பக் கிளம்பவும் மறுக்கும். நிகழ்ச்சி வரிசை கடைசி நேரத்தில் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு விமானத்தை நம்பிப் போகாதீர்கள். இரண்டு நாள் காட்சி என்றால் முதல் நாளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, இரண்டாம் நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காட்சிக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும், ஒத்திகை நடக்கும், கூட்டமும் இருக்காது. எங்களைக் கேட்டால் அந்த நாள்தான் அசல் காட்சி.

கே: நான் எடுத்த படங்களில் விமானம் தெளிவாக இருக்கிறது. ஆனால் புரொப்பெல்லர் அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. பொம்மையை நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

ப: வீட்டில் இருப்பவர்கள் சொல்வது சரி. ஷட்டரை 1/1000 வைத்திருப்பீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிற்கால மெர்லின்களில் இடையே உள்ள பற்சக்கரப் பெட்டி அதை 0.477 மடங்காகக் குறைக்கிறது. ஆக, புரொப்பெல்லர் சுற்றுவது நிமிடத்துக்கு 954, நொடிக்குக் கிட்டத்தட்ட 16. 1/1000 நொடியில் ஒரு பிளேடு நகர்வது 6 டிகிரிகூட இல்லை. கண்ணுக்கு அது நிற்பதாகவே தெரியும். 1/320-ல் 18 டிகிரி. 1/125-ல் 46 டிகிரி. நான்கு பிளேடு புரொப்பெல்லரில் ஒரு பிளேடுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 90 டிகிரி என்பதால், 1/125-ல் வட்டத்தில் பாதி நிரம்பிவிடும். 1/60-ல் முழு வட்டமும் மூடிவிடும். ஆனால் 400 மிமீ லென்ஸோடு 1/60-ல் விமானத்தைத் தெளிவாகப் பிடிப்பது குதிரைக் கொம்பு.

1/320-ல் தொடங்குங்கள். பத்துப் படம் தேறியதும் 1/200, பிறகு 1/125. கீழே இறங்க இறங்கக் கழிவு கூடும். 1/125-ல் பத்துக்கு ஏழு கலங்கிப் போனால் மனம் தளர வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். தரையில் ஊர்ந்து வரும் விமானத்துக்கு இன்னும் மெதுவான ஷட்டர் தேவை, இன்ஜின் அப்போது பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. ஜெட் வந்தால் மறக்காமல் 1/1000-க்கோ அதற்கு மேலோ மாற்றுங்கள். மாற்ற மறந்துவிட்டு ஜெட்டை 1/125-ல் எடுத்து வருத்தப்படுகிறவர்கள் ஏராளம்.

நிற்கும் விதமும் முக்கியம். விமானம் உங்களுக்கு மிக அருகில் வரப்போகும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, அது வரும் திசையில் பிடித்து, கூடவே சுழன்று வாருங்கள். விமானம் அருகில் வரும் நொடியில் உடம்பின் முறுக்கு அவிழ்ந்து இயல்பாக இருக்கும். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். வரும் திசையில் பாதத்தை ஊன்றிவிட்டு, முக்கியமான நொடியில் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

மேகம் மூடிய வெள்ளை வானத்தில் கேமரா ஏமாந்துபோய் விமானத்தைக் கரிக்கட்டை ஆக்கும். வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +2/3 முதல் +1 1/3 வரை கொடுங்கள். செல்போனில் எடுத்தால் பிளேடுகள் வாழைப்பழம்போல் வளைந்து தெரியும். உங்கள் போன் கெட்டுப்போகவில்லை. அதன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பிளேடு நகர்ந்துவிடுகிறது. போனில் இதற்கு மருந்து இல்லை. கேமராவில் மின்னணு ஷட்டரை விட்டு இயந்திர ஷட்டருக்கு மாறினால் சரியாகும்.

கே: எத்தனை மிமீ லென்ஸ் தேவை? விமானங்களை ஏன் இவ்வளவு தூரத்தில் ஓட்டுகிறார்கள்?

ப: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலியச் சாகசக் குழுவின் மூன்று விமானங்கள் மோதின. ஒன்று எரிந்தபடியே கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். கூட்டத்தை நோக்கிப் பாயும் சாகசங்களுக்கு அதன்பின் பல நாடுகளில் கடிவாளம் விழுந்தது. அமெரிக்க விதிப்படி, சாகசம் செய்யும் விமானத்தின் வேக வகையைப் பொறுத்துக் கூட்டத்துக்கும் அதற்கும் 1,500, 1,000 அல்லது 500 அடி இடைவெளி வேண்டும்.

இனி லென்ஸ். அமெரிக்கப் போர் விமானமான பி-51 மஸ்டாங்கின் இறக்கை நீளம் 11.28 மீட்டர். 1,000 அடி, அதாவது 305 மீட்டர் தூரத்தில் அது வயிற்றைக் காட்டிச் சாய்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மிமீ லென்ஸில் சென்சார் மேல் விழும் உருவம் 14.8 மிமீ. முழு அளவு சென்சாரின் அகலம் 36 மிமீ. ஆக, படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. சின்ன சென்சார் கேமரா என்றால் அதே லென்ஸில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்து வருவது பெரிய குண்டுவீச்சு விமானமான பி-17 என்றால்? இறக்கை 31.6 மீட்டர். அதே 400 மிமீயில் இறக்கை நுனிகள் படத்துக்கு வெளியே போய்விடும். அதனால்தான் ஜூம் இல்லாத 600 மிமீ லென்ஸ் தூக்கிவருபவரைவிட 100–400 ஜூம் வைத்திருப்பவர் நிறையப் படத்தோடு வீடு திரும்புகிறார்.

லென்ஸைவிட முக்கியம் சூரியன். பூமத்திய ரேகைக்கு வடக்கே தொலைவில் உள்ள நாடுகளில் பகல் முழுக்க சூரியன் தெற்கே. ரன்வே உங்களுக்கு வடக்கே இருந்தால் வெளிச்சம் முதுகில். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு தளத்தில் இது நேர்மாறு: கூட்டம் வடக்கே நின்று தெற்கே பார்க்கிறது. உச்சிவெயிலில் எடுத்தால் நிழலுருவம்தான் மிஞ்சும். அங்கே பறப்பதைக் காலையிலும் மாலையிலும் எடுங்கள்; நடுப்பகலில் ஹேங்கர்களுக்குள் சுற்றுங்கள். போகும் முன் எந்தத் தளமானாலும் வரைபடத்தில் ரன்வே எந்தப் பக்கம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

கே: வேலிக்கு வெளியே சாலையோரம் நின்றாலே நன்றாகத் தெரிகிறதே, டிக்கெட் எதற்கு?

ப: 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் ஒரு பழைய ஹண்டர் ஜெட், வளையம் போட்டு இறங்கும்போது உயரம் போதாமல் தளத்துக்கு வெளியே இருந்த நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் வெளியே இருந்தவர்கள். அதன்பின் பிரிட்டனில் பழைய ஜெட்கள் நிலத்தின் மேல் வெறுமனே பறந்து போகலாம், சாகசம் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. இடைவெளி விதிகள் எல்லாம் கூட்டம் நிற்கும் கோட்டை வைத்தே கணக்கிடப்படுகின்றன. ரன்வேயின் இரு முனைகளுக்கும் நேரே வெளியில் நிற்பது எல்லாவற்றிலும் மோசம்.

கே: ஏர் ஷோவில் ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 பறந்தது. அது அசல் இல்லை என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: மூக்கைப் பாருங்கள். அசல் 109-இல் டைம்லர்-பென்ஸ் இன்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. சிலிண்டர்கள் கீழ்நோக்கி இருப்பதால் புகைக்குழாய் வரிசையும் மூக்கின் அடிப்பக்கம், இறக்கையின் மட்டத்துக்குக் கிட்டத்தில் ஓடும். மூக்கின் மேல்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். நீங்கள் பார்த்ததில் புகைக்குழாய்கள் உயரத்தில், ஸ்பிட்ஃபயரில் இருப்பதுபோல் இருந்தனவா? மூக்குக்கு அடியில் தாடை தொங்கியதா? பிளேடு மூன்றுக்குப் பதில் நான்கா? அப்படியென்றால் அது ஸ்பெயினில் கட்டிய ஹிஸ்பானோ புச்சோன். உடம்பு 109, உள்ளே இருப்பது பிரிட்டிஷ் மெர்லின். போரில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட விமானமும் இன்ஜினும் கடைசியில் ஒரே கூட்டுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. காதாலும் அறியலாம்: கண்ணை மூடிக் கேட்டால் ஸ்பிட்ஃபயர் என்றே சொல்வீர்கள்.

ஜப்பானிய ஜீரோ என்று பறப்பவற்றில் பல, அமெரிக்கப் பயிற்சி விமானமான டெக்ஸனை மாற்றி அமைத்தவை. காக்பிட் கண்ணாடி அளவுக்கு மீறி நீளமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அசல் சகாயே இன்ஜினோடு பறக்கும் நிலையில் உள்ள ஜீரோ, கலிஃபோர்னியாவில் சீனோ நகரின் பிளேன்ஸ் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிதாகக் கட்டிய ஜெர்மானிய மி-262 ஜெட்களில் இருப்பது அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் இன்ஜின். அசல் யூமோ இன்ஜினின் ஆயுள் சில பத்து மணி நேரம்தான், அதை நம்பி யாரும் ஏற மாட்டார்கள்.

"அசல்" என்ற சொல்லையே கொஞ்சம் தளர்த்திக்கொள்வது நல்லது. பறக்கும் ஸ்பிட்ஃபயரில் இறக்கைச் சட்டம், தகடு, ரிவெட் எல்லாமே புதிதாக இருக்கலாம். பழைய விமானத்திலிருந்து வந்தது அடையாளத் தகடும் சில பாகங்களுமாகவே இருக்கலாம். போரில் ஓடிய அதே உலோகத்தைப் பார்க்க வேண்டுமானால், பறக்காத விமானங்கள் நிற்கும் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

கே: அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானங்களுக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறார்களே, அவ்வளவு பழுதா? பறக்கும் விமானத்தின் புரொப்பெல்லரையும் காலையில் நான்கு பேர் கையால் சுற்றினார்கள். ஏன்?

ப: இரண்டுக்கும் ஒரே காரணம். வட்ட இன்ஜினில் சிலிண்டர்கள் பூப்போல விரிந்திருக்கும். அவற்றில் சில தலைகீழாகத் தொங்கும். நிற்கும் நேரத்தில் எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிந்து, கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கும். கொஞ்சம் வெளியே சொட்டும், அதற்குத்தான் தட்டு. பழைய மெக்கானிக்குகள் சொல்வது: வட்ட இன்ஜினில் எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை.

சொட்டாமல் உள்ளேயே தேங்கியதுதான் ஆபத்து. காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரைத் தட்டினால் பிஸ்டன் மேலே வந்து எண்ணெயில் முட்டும், இணைப்புத் தண்டு வளையும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் பறந்த பிறகு நடுவானில் அந்தத் தண்டு முறியலாம். அதனால்தான் கிளப்பும் முன் கையால் சுற்றி, பிளேடுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். பி-17-இல் ஒரு இன்ஜினுக்கு ஒன்பது பிளேடு வழக்கம். புரொப்பெல்லர் மூன்று சுற்றுச் சுற்றினால் உள்ளே தண்டு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றும். எல்லாச் சிலிண்டர்களும் குறைந்தது இரண்டு முறை அமுக்கத்துக்கு வந்துபோகும். நடுவில் சட்டென்று முட்டி நின்றால் பலம் போட்டுத் தள்ளக் கூடாது. பின்னோக்கிச் சுற்றுவதும் தப்பு. எண்ணெய் உட்குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, கிளம்பியதும் திரும்பி வந்து உடைக்கும். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டே மறுபடி சுற்றுவார்கள்.

கிளம்பும்போது எழும் வெள்ளைப் புகை மண்டலமும் இந்த மிச்ச எண்ணெய் எரிவதுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள். வெள்ளைச் சட்டை அன்றைக்கு வேண்டாம்.

கே: முதல் உலகப்போர் விமானம் பறந்தபோது விளக்கெண்ணெய் வாடை அடித்தது. என் பிரமையா?

ப: பிரமை இல்லை, விளக்கெண்ணெயேதான். அந்தக் காலச் சுழல் இன்ஜினில் நடுத்தண்டு அசையாது. சிலிண்டர்கள் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோல் கலந்த காற்று, எண்ணெய் இருக்கும் அதே அறை வழியாகத்தான் உள்ளே போகிறது. சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடும். விளக்கெண்ணெய் எளிதில் கரையாது. ஒரு முறை ஓடிய எண்ணெய் திரும்ப வராது, புகையோடு வெளியே தெறித்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அந்த விமானிகளுக்கு உவமை அல்ல, அன்றாடம்.

இறங்கும்போது இன்ஜின் விட்டுவிட்டுச் செத்துச் செத்துப் பிழைத்ததே, கவனித்தீர்களா? பக்கத்தில் இருப்பவர்கள் பதறுவார்கள். கோளாறு இல்லை. வேகத்தை நினைத்தபடி குறைக்க முடியாத இன்ஜின். விமானி மின்பொறியை ஒரு பொத்தானால் நிறுத்தி நிறுத்தித்தான் இறங்குகிறார்.

கே: பெரிய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு ஒரே நாள் போகிறோம். எல்லாவற்றையும் எப்படிப் பார்ப்பது?

ப: பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகம், ஓஹையோவின் டேட்டனில் இருப்பது, 350-க்கு மேற்பட்ட விமானங்களும் ஏவுகணைகளும் கொண்டது. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலே ஆறு மணி நேரம். மூன்றாவது மணியில் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே தகரமாகத் தெரியும். நுழைவு இலவசம் என்பதால் இரண்டு அரைநாளாகப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முந்தைய இரவே ஆறு விமானங்களைத் தேர்ந்தெடுங்கள். வேறெங்கும் பார்க்க முடியாதவற்றுக்கு முதலிடம்: டேட்டனில் எக்ஸ்பி-70 வால்கிரி, உலகில் எஞ்சிய ஒன்றே ஒன்று. மெம்ஃபிஸ் பெல் என்ற பி-17-உம் அங்கேதான்; புதுப்பித்து 2018 மே மாதம் காட்சிக்கு வைத்தார்கள். வாஷிங்டனுக்கு அருகே உத்வர்-ஹேஸி மையத்தில் ஜெர்மானிய விமானங்களான ஆரடோ 234, டோர்னியர் 335 ஆகிய இரண்டிலும் எஞ்சிய ஒரே மாதிரி நிற்கிறது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட எனோலா கே, உளவு விமானமான எஸ்ஆர்-71 இரண்டையும் அதே கூரையின் கீழ் பார்க்கலாம். டெல்லியில் பாலம் என்ற இடத்தில் இருக்கும் இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தின் வெஸ்ட்லேண்ட் வாபிட்டியும் அப்படி ஒன்றே எஞ்சியது. பலர் அதை எட்டிப் பார்த்துவிட்டு மிக்-21 பக்கம் போய்விடுகிறார்கள்.

கதவு திறந்ததும் கடைசிக் கூடத்துக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். கூட்டம் எதிர்த்திசையில் வரும். ஒவ்வொரு விமானத்தையும் முதலில் அடியிலிருந்து பாருங்கள். சக்கரம் மடங்கும் குழியில்தான் குழாய், கம்பி, கட்டிய ஆண்டின் முத்திரை எல்லாம் இருக்கும். ஹரிக்கேன் போர் விமானத்தின் பின்பாதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மரச்சட்டங்களின் மேல் துணி இழுத்துக் கட்டியிருப்பதால் மெல்லிய அலைபோல் ஏறி இறங்கும். பக்கத்தில் நிற்கும் ஸ்பிட்ஃபயரின் உடம்பு முழுக்க உலோகம். குண்டு துணியைத் துளைத்து மறுபக்கம் போனால் ஒட்டுப் போட்டுவிடலாம், உலோக உடம்பென்றால் பட்டறைக்குப் போக வேண்டும் என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

உள்ளே படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். பளபளத் தகடும் கண்ணாடியும் வெளிச்சத்தை முகத்தில் அடிக்கும். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை ஏற்றுங்கள். ட்ரைபாட் பல இடங்களில் கூடாது. காக்பிட் கண்ணாடி வழியாக எடுக்கும்போது லென்ஸ் முனையில் ரப்பர் மூடி இருக்கட்டும். அந்தக் கண்ணாடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்; உலோக விளிம்பு உரசினால் அதில் விழும் கீறல் போகாது.

கே: தொடக் கூடாது என்கிறார்கள். இரும்பு விமானம், தொட்டால் என்ன ஆகிவிடும்?

ப: முதலில் அது இரும்பு இல்லை, அலுமினியக் கலவை. விரலின் வியர்வையும் உப்பும் பெயிண்ட் இல்லாத தகட்டில் அரிப்பைத் தொடங்கிவைக்கும். ஆண்டு கழித்து உங்கள் கைரேகை கறையாகத் தெரியும். டகோட்டா போக்குவரத்து விமானத்தின் வால் மடல்களைப் போலத் துணி போர்த்திய பாகங்களில் விரலை அழுத்தினால் ஓட்டை. ஏர் ஷோவில் நிற்கும் விமானத்தின் புரொப்பெல்லரைத் தொடவே தொடாதீர்கள். மேக்னெட்டோவின் தரைக்கம்பி அறுந்திருந்தால், சாவி அணைத்திருந்தாலும் இன்ஜின் ஒரு துடிப்புத் துடிக்கும். அந்த ஒரு துடிப்புக்குக் கை போய்விடும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. பழைய விமானக் கருவிகளை விற்பனை மேசைகளில் வாங்குகிறீர்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து முள்ளிலும் எண்களிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். இருட்டில் ஒளிரவில்லையே, வீரியம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தேய்ந்துபோனது ஒளிரும் துத்தநாகப் பூச்சு மட்டும். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கண்ணாடி உடையாவிட்டாலும் ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும், அதனால் மூடிய அறை அலமாரியில் வைக்க வேண்டாம்; சுத்தம் செய்கிறேன் என்று திறந்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும்.

கே: வெளியே நிறுத்திய விமானங்களில் காக்பிட் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே பார்க்க விடாமல் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

ப: வெயிலுக்காக. மூடிய கண்ணாடிக்குள் சூடு ஏறினால் ரப்பர், கம்பி உறை, இருக்கைத் துணி எல்லாம் பொடிந்துவிடும்; புற ஊதாக் கதிரில் பெர்ஸ்பெக்ஸே மஞ்சளாகி வெடிக்கும். அரிஸோனாவின் பீமா போன்ற பாலைவன அருங்காட்சியகங்களில் ஈரம் இல்லாததால் துருத்தொல்லை குறைவு, வெயில்தான் எதிரி. கடலோரத்தில் நேர்மாறு.

கே: லண்டன் ஹெண்டனில் ஒரு ஹாலிஃபாக்ஸ் நொறுங்கிய நிலையிலேயே கிடக்கிறதே. இத்தனை பணம் இருந்தும் சரிசெய்யாதது ஏன்?

ப: செய்யாமல் விட்டதே சரி என்போம். 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, நார்வேயில் உறைந்த ஏரி மேல் இறங்கிய விமானம் அது. பனி உருகியதும் மூழ்கி, 1973-இல்தான் மேலே வந்தது. புதுத் தகடு போட்டுப் பெயிண்ட் அடித்தால் கிடைப்பது இன்னொரு பளபளப்பான ஹாலிஃபாக்ஸ். அந்த இரவு என்ன நடந்தது என்பது அழிந்துபோகும்.

அப்படியே விடுவதும் சும்மா விடுவது இல்லை. 2013-இல் ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் குட்வின் மணல்திட்டிலிருந்து ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானமான டோர்னியர் 17 ஒன்றை எடுத்தார்கள், அந்த ரகத்தில் எஞ்சியது அது ஒன்றே. இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நீளக் கூடாரத்துக்குள் வைத்து, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து மாதக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். எழுபது ஆண்டு ஊறிய உப்பு வெளியேறாமல் காற்றுப் பட்டால் அலுமினியம் செதில் செதிலாக உரிந்துவிடும்.

கே: பி-24 லிபரேட்டர் 18,000-க்கு மேல் கட்டினார்களாம். ஏன் கையளவுதான் மிஞ்சியிருக்கின்றன?

ப: போர் முடிந்ததும் உருக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றில் பல, இந்தியா வழியாகத் தப்பியவை. பிரிட்டிஷார் கான்பூரில் சேதப்படுத்தி விட்டுச்சென்றவற்றை இந்திய விமான நிறுவனமான ஹெச்ஏஎல் பறக்க வைத்தது. இந்திய விமானப்படை 1968 வரை ஓட்டியது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம், கனடாவின் ஒட்டாவா, பீமா ஆகிய இடங்களில் நிற்கும் லிபரேட்டர்கள் எல்லாம் அந்த வழி வந்தவை. அங்கே போனால் விளக்கப் பலகையைக் கடைசி வரி வரை படியுங்கள்.

கே: பழைய விமானத்தில் ஏறிப் பறக்கும் வாய்ப்பு. போகலாமா?

ப: போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பயணிகளோடு கிளம்பிய பி-17 ஒன்று விழுந்து 7 பேர் இறந்தார்கள். இன்ஜின் பராமரிப்புப் போதாததும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. பராமரிப்பை யார் பார்க்கிறார், விமானி இந்த ரகத்தில் கடந்த சில மாதங்களில் எவ்வளவு ஓட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் ஆயுள் காப்பீடு இத்தகைய பறத்தலுக்குச் செல்லுமா என்றும் முன்பே பார்த்துவிடுங்கள். பலவற்றில் விலக்கு இருக்கும்.

சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். கீழே விழும் ஒரு நாணயமோ பேனாவோ தரைப்பலகை இடுக்கில் புகுந்து கட்டுப்பாட்டுத் தண்டை இறுக்கிவிடும். போன் கையில் கயிற்றோடு இருக்கட்டும். குமட்டினால் திரையைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். குமட்டல் வரும் முன்பே விமானியிடம் சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

கே: காதுக்கு ஏதாவது வேண்டுமா?

ப: பிஸ்டன் விமானங்களுக்குப் பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை. பின்எரிப்பான் (ஆஃப்டர்பர்னர்) போட்டுக் கிளம்பும் ஜெட் ஒன்று நிரலில் இருந்தாலும் அனைவருக்கும் பஞ்சு அடைப்பான். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் மாட்டும் உறை. பஞ்சை உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும்வரை விரலால் பிடியுங்கள். வெறுமனே வாசலில் ஒட்டவைத்தால் பாதிப் பயன்கூட இல்லை. பிஸ்டன் ரகத்தில் விதிவிலக்கு ஹார்வர்டு, அதாவது மேலே சொன்ன டெக்ஸனுக்குப் பிரிட்டிஷார் வைத்த பெயர். அதன் பிளேடு நுனி ஒலியின் வேகத்தை எட்டுவதால் வரும் கரகரப்பு, அருகில் நிற்போருக்குக் காதைக் குடையும்.

கே: விமானிகள் பேசுவதைக் கேட்க சாதாரண எஃப்எம் ரேடியோ போதுமா?

ப: போதாது. எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. விமானப் பேச்சு 118 முதல் 137 வரை, அதுவும் ஏஎம் முறையில். அதற்கென்று ரேடியோ தேவை. வாங்கும் முன் போகும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள்: அமெரிக்காவில் தடையில்லை, பிரிட்டனில் கேட்பதே சட்டப்படி குற்றம்.